பேப்பரைப் படி, பிறகு மெஷினைத் திற

"கலர் சரியா வரல, கொஞ்சம் வந்து பாருங்க." எனக்கு வரும் போன்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு வரிதான். குங்குமச் சிவப்பு ரோஸாக வந்தாலும் இதைத்தான் சொல்வார்கள். வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தில் லேசாகச் சாம்பல் படிந்தாலும் இதேதான். பக்கத்தின் ஒரு ஓரம் வெளிறிப்போனது, நீளவாக்கில் கோடு விழுந்தது, கார்டில் அடித்த கறுப்பு திட்டுத்திட்டாக வந்தது எல்லாமே கடைக்காரர் வாயில் "கலர் சரியில்லை"தான். அதைப் பிரித்துப் பார்ப்பது மெக்கானிக்கின் வேலை.

சென்னை ரிச்சி தெருவில் பார்ட்ஸ் வாங்கி, பாரிமுனை, திருவல்லிக்கேணிப் பக்கத்துக் கடைகளில் லேசர் மெஷின் பார்ப்பது என் பிழைப்பு. கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு, ஸ்டிக்கர், மெனு கார்டு, கண்ணீர் அஞ்சலி என்று அவசரத்துக்கு அடிக்கும் கடைகள் இவை. எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் பையைத் திறந்தால் முதலில் கையில் வருவது ஒரு ஸ்டீல் ஸ்கேல்தான். "ஸ்குரூ டிரைவர் அப்புறம்டா. முதல்ல பேப்பரைப் படி" என்பார். பழுதான மெஷின் தன் பழுதைத் தானே பேப்பரில் எழுதித் தருகிறது என்பது அவர் கட்சி. இத்தனை வருஷத்தில் நான் கண்டதும் அதுதான். அதனால்தான் வாட்ஸ்அப்பில் அனுப்பும் போட்டோவை வைத்து நான் எதுவும் சொல்வதில்லை. போன் கேமரா தன் இஷ்டத்துக்கு வெள்ளையை மாற்றிக்கொள்ளும். பேப்பர் கையில் இருக்க வேண்டும்.

படிக்க வேண்டுமென்றால் மெஷினுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். 1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க்கின் அஸ்டோரியா பகுதியில் செஸ்டர் கார்ல்சனும் அவருடைய உதவியாளர் ஓட்டோ கோர்னியும், கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைக் கைக்குட்டையால் தேய்த்து மின்னேற்றினார்கள். தேதியும் இடத்தின் பெயரும் எழுதிய கண்ணாடித் துண்டை அதன்மேல் வைத்து வெளிச்சம் காட்டினார்கள். லைகோபோடியம் தூளைத் தூவி ஊதியதும் எழுத்து இருந்த இடத்தில் மட்டும் தூள் நின்றது. அதை மெழுகுத் தாளில் ஒற்றி, சூடுகாட்டிப் பதியவைத்தார்கள்.

நாம் இன்று பார்க்கும் மெஷினிலும் அடிப்படை அதுவே. கைக்குட்டைக்குப் பதில் சார்ஜ் ரோலர், கண்ணாடித் துண்டுக்குப் பதில் லேசர். டிரம்மின் மேல் சுமார் 600 வோல்ட் மைனஸ் சார்ஜ் ஏறுகிறது. லேசர் பட்ட இடத்தில் அது இறங்குகிறது. இறங்கிய இடத்தில் டோனர் ஒட்டுகிறது. அங்கிருந்து பேப்பருக்கு மாறி, பியூசரில் உருகிப் பதிகிறது. டிரம்மில் மிஞ்சியதை பிளேடு வழித்து எடுக்கிறது. கலர் மெஷின் என்றால் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என நான்குக்கும் தனித்தனி டிரம். நான்கும் ஒரு பெல்ட்டின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்து, கடைசியில் சேர்ந்து பேப்பருக்கு இறங்கும். பேப்பரில் தெரியும் எந்தக் குறையும் இந்த வரிசையில் ஏதோ ஒரு இடத்தில்தான் பிறந்திருக்கும்.

ஸ்கேலுக்கு வருகிறேன். ஒரு வைகாசி முகூர்த்த நேரம். ஆண்டர்சன் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு கடை. சந்தன நிறப் பத்திரிகையில், பிள்ளையார் படத்துக்குக் கீழே கடுகளவு நீலப் புள்ளி. அதே பக்கத்தில் கீழேயும் ஒன்று, அதற்கும் கீழே இன்னொன்று. முன்னால் வந்து பார்த்தவர் பெல்ட் போய்விட்டது என்று சொல்லி விலையும் சொல்லிவிட்டுப் போயிருந்தார். கடைக்கார அண்ணாச்சி பணம் புரட்டுவதற்கு யாருக்கோ போன் போட்டுக்கொண்டிருந்தார். நான் ஸ்கேலை வைத்து அளந்தேன். புள்ளிக்கும் புள்ளிக்கும் இடையே 94 மில்லிமீட்டர். உருளை ஒரு சுற்றுச் சுற்றினால் அதன் சுற்றளவுக்கு ஒரு முறை அதே குறை விழும். விட்டத்தை 3.14 ஆல் பெருக்கினால் சுற்றளவு. 30 மில்லிமீட்டர் விட்டமுள்ள டிரம்முக்கு 94. சின்ன மெஷின்களில் வரும் 24 மில்லிமீட்டர் டிரம்முக்கு 75. 12 மில்லிமீட்டர் சார்ஜ் ரோலருக்கு 38. அந்த மெஷினில் இருந்தது 30 மில்லிமீட்டர் டிரம். பெல்ட்டோ ஒரு பக்க நீளத்தைவிடப் பெரியது. அதில் குறை இருந்தால் ஒரே பக்கத்தில் மூன்று தடவை விழ வழியே இல்லை.

"பெல்ட் இல்ல அண்ணாச்சி, சயான் டிரம்" என்றேன். கழற்றி, ஜன்னல் வெளிச்சம் நேராகப் படாமல் கறுப்புப் பேப்பரால் மூடிக்கொண்டு, மெல்லத் திருப்பிப் பார்த்தோம். பளபளக்கும் பூச்சில் ஊசி குத்தினாற்போல ஒரு வடு. பூச்சு உரிந்து உள்ளே அலுமினியம் எட்டிப்பார்த்தது. சார்ஜ் நிற்காத இடத்தில் டோனர் ஒட்டத்தானே செய்யும்? புது டிரம் போட்டதும் புள்ளி போயிற்று. பெல்ட்டின் விலையோடு ஒப்பிட்டால் அது சிறு தொகை. டிரம்மை வெயிலிலும் டியூப்லைட் அடியிலும் திறந்துபோட்டுப் பேசிக்கொண்டிருக்கும் பையன்களுக்கு ஒரு வார்த்தை: அது வெளிச்சத்துக்காகவே செய்த பொருள். அதிக வெளிச்சம் பட்டால் அதன் குணமே கெட்டுவிடும்.

நீளவாக்கில் விழும் கோடு வேறு கதை. கோடு வெள்ளையா, நிறமா என்பதை முதலில் பார்க்க வேண்டும். வெள்ளை என்றால் லேசர் அந்த இடத்துக்குப் போய்ச் சேரவில்லை. லேசர் வெளியே வரும் நீளக் கண்ணாடியில் ஒரு தூசு உட்கார்ந்திருந்தால் போதும். பல மெஷின்களில் அதைத் துடைக்கவே ஒரு நீளக் குச்சியைக் கூடவே கொடுத்திருப்பார்கள். கடையில் கேட்டால் "அது எதுக்குன்னு தெரியாம உள்ளயே கிடக்கு" என்பார்கள். நிறக் கோடு என்றால் பிளேடின் விளிம்பு பிசிறியிருக்கும், அல்லது சார்ஜ் ரோலரில் அழுக்கு வரிந்திருக்கும்.

ஜெராக்ஸ் எடுக்கும்போது மட்டும் கோடு வந்தால் டிரம்மைத் தொடவே வேண்டாம். அதே பேப்பரை மூடியைத் திறந்து கண்ணாடியில் வைத்து ஒரு காப்பி எடுங்கள். அதில் கோடு இல்லையென்றால், மேலே கட்டாகப் போட்டு இழுக்கும் வழியிலுள்ள ஒல்லிக் கண்ணாடியில்தான் கறை. பரீட்சை சமயத்தில் இது சகஜம். பிள்ளைகள் ஒயிட்னர் காயும் முன்பே நோட்ஸைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். ஒரு துளி அந்தக் கண்ணாடியில் ஒட்டினால் அன்று முழுக்க எல்லாப் பக்கத்திலும் கோடுதான். நகத்தால் சுரண்டாமல், ஈரத்துணியால் ஊறவைத்துத் துடைத்தால் முடிந்தது.

ஸ்கேலுக்கும் சிக்காத குறை உண்டு. அப்போது நான் செய்வது பாதியில் நிறுத்திப் பார்ப்பது. முழு நிறம் நிரம்பிய பக்கத்தைப் பிரிண்ட் கொடுத்து, பேப்பர் பியூசருக்குள் நுழையும் முன் முன்கதவைத் திறந்துவிடுவேன். மெஷின் அப்படியே நிற்கும். இப்போது டிரம்மில் படம் நன்றாக இருக்கிறதா, பெல்ட்டில் எப்படி இருக்கிறது, பேப்பரில் இன்னும் வேகாத டோனர் எப்படிப் படிந்திருக்கிறது என்று ஒவ்வொரு கட்டமாகப் பார்க்கலாம். டிரம்மில் நன்றாக இருந்து பெல்ட்டில் கெட்டிருந்தால் முதல் மாற்றத்தில் கோளாறு. பெல்ட்டில் நன்றாக இருந்து பேப்பரில் திட்டாக இருந்தால் டிரான்ஸ்ஃபர் ரோலரையோ பேப்பரையோ சந்தேகிக்க வேண்டும். பேப்பரிலும் சரியாக இருந்து, பியூசர் தாண்டியபின் கெட்டால் பியூசர்தான். டோனர் கையில் பட்டால் குளிர்ந்த தண்ணீரில் கழுவுங்கள். அது பிளாஸ்டிக் தூள். வெந்நீர் பட்டால் பிடித்துக்கொள்ளும்.

முன்னே வந்த எழுத்தோ படமோ அதே பக்கத்தில் கொஞ்சம் கீழே நிழல் மாதிரி மறுபடியும் தெரிவதை நாங்கள் கோஸ்ட் என்போம். இதற்கும் ஸ்கேல்தான். டிரம் சுற்றளவு தூரத்தில் வந்தால் டிரம் அல்லது பிளேடு. பியூசர் ரோலரின் சுற்றளவில் வந்தால், சரியாக உருகாத டோனர் ரோலரில் ஒட்டி, அடுத்த சுற்றில் இறங்குகிறது. பக்கம் முழுக்க மெல்லிய சாம்பல் படிவதை பேக்ரவுண்ட் அடிக்கிறது என்போம். சார்ஜ் போதவில்லை, அல்லது டோனர் சரியில்லை. பழைய டோனர் மிச்சமிருக்கும்போதே வேறு ரகத்தைக் கொட்டினால் இது நிச்சயம் வரும். ரீஃபில் செய்வதே பாவம் என்று நான் சொல்லமாட்டேன். சின்னக் கடை அதில்தான் ஓடுகிறது. ஆனால் இரண்டு ரகம் டோனருக்கு மின்னேற்கும் தன்மையும் ஒன்றல்ல, உருகும் சூடும் ஒன்றல்ல. மாற்றுவதானால் சுத்தமாக வழித்தெடுத்துவிட்டு மாற்றுங்கள். வழிக்கும்போது வீட்டு வேக்குவம் கிளீனரை வைக்காதீர்கள். சில மைக்ரான் அளவுத் தூள் அதன் பையைத் தாண்டி அறை முழுக்கப் பரவும்.

ஐப்பசி, கார்த்திகை வந்தால் எனக்குப் போன் ஓயாது. மெஷினில் ஒன்றும் இருக்காது. பேப்பர் நமத்துப்போன அப்பளம் மாதிரி ஆகியிருக்கும். ஈரம் ஏறிய பேப்பர் மின்சாரத்தைக் கசியவிடும். டோனரைப் பெல்ட்டிலிருந்து இழுக்க வேண்டிய சார்ஜ் அதில் நிற்காது. அழுத்தமான நீலமும் கறுப்பும் மேகம் படர்ந்த மாதிரி திட்டுத்திட்டாக வரும். குடோனிலிருந்து எடுத்த கட்டை உடனே பிரித்துப் போடாதீர்கள். பிரிக்காமலே ஒரு ராத்திரி மெஷின் இருக்கும் அறையில் வைத்திருங்கள். மிஞ்சியதைப் பாலிதீனில் சுற்றிவையுங்கள். ராத்திரி ஏசியை நிறுத்திவிட்டு டிரேயில் பேப்பரை விட்டுப் போனால் காலையில் முதல் முப்பது நாற்பது ஷீட் அப்படித்தான் வரும்.

கார்டும் இதே மாதிரி ஏமாற்றும். 300 ஜிஎஸ்எம் போர்டைப் போட்டுவிட்டு, மெஷினில் சாதாரணப் பேப்பர் என்று விட்டுவிடுவார்கள். மெஷினுக்குத் தான் என்ன அடிக்கிறோம் என்று தெரிய வேண்டாமா? தடித்த பேப்பர் என்று சொன்னால் அது வேகத்தைக் குறைத்து, சூட்டைக் கூடுதல் நேரம் கொடுத்து, டோனரை இழுக்கும் மின்னழுத்தத்தையும் மாற்றிக்கொள்ளும். சொல்லாவிட்டால் நிறம் வெளிறும், விரலால் தேய்த்தால் உதிரும், மடித்தால் மடிப்பில் வெள்ளை விரிசல் விழும். மேடுபள்ளமான டெக்ஸ்சர் போர்டு என்றால் பள்ளத்துக்குள் டோனர் முழுதாக இறங்காது. அதற்கு மெஷினைத் திட்டிப் பயனில்லை. வாடிக்கையாளரிடம் முன்பே ஒரு சாம்பிள் காட்டிவிட வேண்டும்.

நான்கு நிறத்தில் மோசமானது மஞ்சள். கெட்டால் கண்ணுக்குத் தெரியாது. வெள்ளைத்தாளில் மஞ்சள் கோடு விழுந்தாலும், மஞ்சள் பாதியாகக் குறைந்தாலும் யாரும் மஞ்சளைக் குறை சொல்லமாட்டார்கள். "குங்குமம் ரோஸா வருது", "வாழையிலை நீலமா அடிக்குது", "பொண்ணு முகம் செவந்து கிடக்கு" என்பார்கள். மெஜந்தாவோடு மஞ்சள் சேர்ந்தால்தான் குங்குமம். சயானோடு சேர்ந்தால்தான் இலைப்பச்சை. மூன்று புகாரும் ஒன்றாக வந்தால் மஞ்சள் கார்ட்ரிட்ஜைப் பார்க்கிறேன். என் பையில் ஒரு நீல எல்இடி டார்ச் உண்டு. இருட்டில் அந்த வெளிச்சத்தைப் பாய்ச்சினால் மஞ்சள் இருக்குமிடமெல்லாம் கறுப்பாகத் தெரியும். கோடு, திட்டு, புள்ளி எல்லாம் அப்படியே எழுந்து நிற்கும். சில மெஷின்களில் ஒழுங்கான வரிசையில் மிக நுண்ணிய மஞ்சள் புள்ளிகளும் அப்போது தெரியும். அது கோளாறு இல்லை. கள்ளநோட்டைக் கண்டுபிடிப்பதற்காக மெஷினே போடும் ரகசிய அடையாளம். 2005இல் அமெரிக்காவின் எலெக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் ஒரு வகை மெஷினின் புள்ளிகளைப் படித்து, அச்சடித்த தேதி, நேரம், மெஷினின் சீரியல் நம்பர் எல்லாம் அதில் இருப்பதாக வெளியிட்டது.

நிறம் மெல்ல மெல்ல விலகிப்போவதற்கு இன்னொரு காரணம் சென்சார். மெஷின் அவ்வப்போது பெல்ட்டின் மேல் சின்னச் சின்னச் சதுரங்களை அடித்து, அவற்றின் அடர்த்தியைத் தானே அளந்து சரிசெய்துகொள்ளும். கேலிபரேஷன் என்பது இதுதான். அளக்கும் சென்சாரின் முகத்தில் டோனர் தூள் படிந்திருந்தால் அது தப்பாகப் படிக்கும். தப்பாகப் படித்துத் தப்பாகத் திருத்தும். எத்தனை தடவை கேலிபரேஷன் ஓட்டினாலும் சரியாகாது. உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்துவிட்டு ஓட்டினால் சரியாகும். இதற்குள் ஆபரேட்டர் தம்பி டிரைவரில் சயானைக் குறைத்து, அடுத்த நாள் வந்தவர் மெஜந்தாவை ஏற்றி, டிசைனர் கோரலில் இன்னொரு பங்கு திருத்தியிருப்பார். ஒன்றின் மேல் ஒன்றாகத் திருத்தம். நான் போனதும் செய்வது எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவருவது. பிறகு மெஷினுக்குள்ளேயே இருக்கும் டெஸ்ட் பக்கத்தை அடிப்பது. அது நன்றாக வந்தால் மெஷின் குற்றவாளி இல்லை. ஃபைலைத் திறக்கச் சொல்வேன்.

ஃபைலில் முக்கால்வாசிப் பிரச்சினை ஆர்ஜிபி. திரையில் ஒளிரும் நிறத்தை டோனரில் கேட்கிறார்கள். ஒருவர் பட்டுப்புடவையின் முந்தானையையே கொண்டுவந்து கவுண்டரில் விரித்து, "தம்பி, இந்த வாடாமல்லி அப்படியே வரணும்" என்றார். வாடாமல்லிக்கு மெஜந்தாவும் கொஞ்சம் சயானும் போடலாம். கிட்டே வரும், பட்டின் பளபளப்பு வராது. கிளிப்பச்சையும் அப்படியே. ஜரிகைத் தங்கம் என்பது நான்கு டோனரில் பழுப்பு மஞ்சளாகத்தான் முடியும். அதற்கு ஃபாயில்தான் வழி. இதை ஆர்டர் எடுக்கும்போதே சொல்லும் கடைக்காரருக்குச் சண்டை வருவதில்லை.

கண்ணீர் அஞ்சலி கார்டு ஒன்றை மறக்க முடியாது. பெரியவரின் பழைய கறுப்பு வெள்ளைப் படம். பிரிண்டில் முகம் லேசான பச்சையாக வந்தது. மகன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார், அடக்கத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. "அப்பா முகம் இப்படி இருக்கே சார்" என்றார். ஆபரேட்டர் கேலிபரேஷன் ஓட்டிக்கொண்டே இருந்தான். மெஷின் அந்தச் சாம்பல் நிறத்தை நான்கு டோனரையும் கலந்து செய்துகொண்டிருந்தது. அதில் ஒன்று இம்மி கூடினாலும் முகம் பச்சையாகும், இல்லை ரோஸாகும். படத்தை கிரேஸ்கேலுக்கு மாற்றி, டிரைவரில் சாம்பல் நிறத்துக்குக் கறுப்பு டோனர் மட்டும் என்று வைத்தோம். அடுத்த ஷீட்டில் முகம் சரியாக வந்தது. கலர் மெஷினில் கறுப்பு வெள்ளை அடிப்பவர்கள் இந்த ஒரு செட்டிங்கைத் தெரிந்துவைத்திருந்தாலே போதும், பாதிப் போன் குறையும்.

நிறம் மங்கிமங்கி மறையும் பின்னணியில் படிப்படியாகப் பட்டை தெரிகிறது என்பதும் அடிக்கடி வரும் புகார். இதில் கொஞ்சம் கணக்கு இருக்கிறது. 600 டிபிஐ மெஷினில் 150 லைன் ஸ்கிரீன் வைத்தால் ஒவ்வொரு கட்டத்துக்கும் நாலுக்கு நாலு, 16 புள்ளி. வெள்ளையையும் சேர்த்து 17 சாயல்தான் கிடைக்கும். புள்ளியின் அளவையே மாற்றும் மெஷின்களில் இது கூடும். என்றாலும் நீளமான வானத்தை அதில் வழுக்கிவிட முடியாது. போட்டோஷாப்பில் கொஞ்சம் நாய்ஸ் சேர்த்தால் படி மறையும். சம இடைவெளியில் குறுக்குப் பட்டை வந்தால் மட்டும் அது ஃபைல் இல்லை. கியரையோ ரோலரையோ பார்க்க வேண்டும். மறுபடியும் ஸ்கேலை எடுக்கிறேன்.

எல்லாம் சரியாகி, கடைக்குள் பார்த்தால் ஒரு நிறம், வாசலில் பார்த்தால் ஒரு நிறம் என்று சண்டை வரும். அச்சுத் தொழிலில் நிறம் பார்க்க 5000 கெல்வின் வெளிச்சத்தைத் தரமாக வைத்திருக்கிறார்கள். மலிவான எல்இடியின் கீழே சிவப்பு செத்துப்போகும். வாடிக்கையாளரைப் பகல் வெளிச்சத்துக்கு, நேர் வெயில் இல்லாத இடத்துக்குக் கூட்டிவந்து காட்டுங்கள். பல சமயம் வேலை அங்கேயே முடிந்துவிடும்.

கடை வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். மெஷின் நன்றாக ஓடும் நாளில் ஒரு டெஸ்ட் பக்கம் அடித்து, தேதியும் கவுண்டர் எண்ணும் எழுதி, பழுப்புக் கவரில் போட்டு வையுங்கள். பிவிசி கவர் வேண்டாம், டோனர் அதில் ஒட்டிக்கொள்ளும். கோளாறு வந்த அன்று அதே பக்கத்தை மறுபடி அடித்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பேப்பர் புதுக் கட்டா, செட்டிங் சரியா, ஃபைல் வேறா என்று பார்த்துவிட்டுப் போன் செய்யுங்கள். வருகிற மெக்கானிக் யாராக இருந்தாலும், பேப்பரைக் கையில் வாங்கிப் பார்க்காமல் பார்ட்ஸ் விலை சொன்னால், ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.